கெர்மாவின் மண்கோபுரத்தைக் கட்டியவர்கள் யார்? நூபிய வரலாறு குறித்த இழை

#1 மருதநிலவன்

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறேன். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்த குஷ் நாட்டு மன்னர்கள் எகிப்தை வென்று இருபத்தைந்தாம் அரச மரபாக ஆண்டார்கள் என்று சென்ற வாரம் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகும்போது, கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அதற்கு முன்னால் அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள், ஐயா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

படிக்க உட்கார்ந்ததும் சிக்கல் கூடிவிட்டது. நூலகத்தில் கிடைத்த பழைய நூல் ஒன்று, சூடானில் உள்ள கெர்மா என்னும் ஊர் எகிப்திய ஆளுநர்கள் நடத்திய வணிக நிலையம் என்கிறது. அண்மையில் வந்த கட்டுரை ஒன்றோ, அதே கெர்மாதான் எகிப்துக்கு எதிர்நின்ற நூபிய அரசின் தலைநகரம் என்கிறது. இரண்டும் சான்றாகக் காட்டுவது ஒரே கட்டடத்தையும் ஒரே கல்லறைகளையும்தான். ஒரே சான்று எப்படி இரண்டு கதை சொல்லும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

#2 ஓடுபொறுக்கி

மாணவியின் கேள்விதான் நூபியத் தொல்லியலின் நூறாண்டுக் கேள்வியும். சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நிலம். அஸ்வானில் தொடங்கி இன்றைய கார்ட்டூமின் வடபகுதி வரை நைல் ஆற்றின் குறுக்கே ஆறு இடங்களில் கருங்கல் பாறைகள் கிடக்கின்றன. நூல்களில் இவற்றை அருவி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அங்கே நீர் மேலிருந்து விழுவதில்லை, பாறை இடுக்குகளில் பிளந்து சீறிக்கொண்டு ஓடுகிறது, படகு போகாது, அவ்வளவுதான். வடக்கிலிருந்து எண்ணினால் மூன்றாவது பாறைத் தடைக்குச் சற்றுத் தெற்கே கெர்மா இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் படை அந்தத் தடைகளைத் தாண்டியாக வேண்டும். அவற்றுக்கு அப்பால் அகன்ற வண்டல் நிலம், மேய்ச்சல், ஆப்பிரிக்க உட்பகுதியிலிருந்து வரும் தந்தமும் கருங்காலியும் பொன்னும். ஓர் அரசு முளைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் அந்த ஆற்றங்கரையில் அரிது.

அவ்வூரின் நடுவில் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் எழுப்பிய ஒரு பெருங்கட்டடம் இன்றும் சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மேற்குத் தெஃபூஃபா என்பது அதன் பெயர். ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஆயிரக்கணக்கான புதைகுழிகள் கொண்ட இடுகாடு. 1913 முதல் 1916 வரை அமெரிக்கரான ஜார்ஜ் ரைஸ்னர் இவ்விரண்டையும் அகழ்ந்தார். அகழும் முறையில் அவர் காலத்தில் அவருக்கு இணையானவர்கள் சிலரே. ஒவ்வோர் எலும்பையும் ஒவ்வோர் ஓட்டையும் படம் பிடித்து, எண் இட்டு, குறிப்பெழுதி வைத்தார். அவர் முடிவை நாம் இன்று மறுப்பதும் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் எண்ணிட்ட பெருமேட்டில், அதாவது பெரிய கல்லறை மேட்டில், அவருக்கு அசியூத் பகுதி ஆளுநரான ஹெப்ஜெஃபாவின் சிலையும், அவருடைய மனைவி சென்னுவியின் சிலையும் கிடைத்தன. உடனே ரைஸ்னர், இது எகிப்திய ஆளுநரின் கல்லறை, தெஃபூஃபா அவருடைய கோட்டையும் வணிக நிலையமும் என்று முடிவு கட்டினார். அதோடு நிற்கவில்லை. மிகப் பெரிய மேடுகளே மிகப் பழையவை, எகிப்தியர் உள்ளூர் மக்களோடு கலக்கக் கலக்கக் கல்லறைகள் சிறுத்துப்போயின என்று காலவரிசையையும் அமைத்தார். இன்று நாம் அறிவது நேர் தலைகீழ்: அந்தப் பெருமேடுகள் கெர்மா அரசின் கடைசிக் கட்டத்தவை, அதன் உச்சம் அதுதான்.

ஹெப்ஜெஃபா முதலாம் செனுஸ்ரெட் காலத்தவர், அதாவது கி.மு. 20ஆம் நூற்றாண்டு. அவருக்கு அசியூத்திலேயே கல்லறை இருக்கிறது. கெர்மாவின் பெருமேடோ அதற்கு ஏறத்தாழ இருநூறு முந்நூறு ஆண்டு பிற்பட்டது. ஆகவே அந்தச் சிலைகள் கெர்மாவினர் எகிப்திலிருந்து கொள்ளையடித்து வந்தவை. அதைக்கூட விடுங்கள். மேட்டினுள் இருந்தவரை எப்படிக் கிடத்தியிருந்தார்கள் என்று பாருங்கள். பதப்படுத்தப்படாத உடல், ஒருக்களித்த நிலையில், எருதின் காலைப்போலச் செதுக்கிய கால்கள் கொண்ட கட்டிலின் மேல். மேட்டின் ஊடே ஓடும் நடைவழியில் அவரோடு பலியாக்கப்பட்ட மனிதர்கள். பத்தாம் எண் மேட்டில் மட்டும் ரைஸ்னர் எண்ணியவர்கள் 322 பேர். இன்னொரு கல்லறையின் முன்னே 4,000-க்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகளைக் கொம்புகளோடு வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எந்த எகிப்திய அதிகாரி இப்படிப் புதைக்கப்பட ஒப்புக்கொண்டிருப்பார்? உடல் அழியாமல் தாய்மண்ணில் அடக்கமாக வேண்டும் என்பதே எகிப்தியரின் வாழ்நாள் கவலை.

1920களிலேயே ஹெர்மான் யுங்கர் இதை எதிர்த்து எழுதினார். ஆயினும் 1970களில் ஷார்ல் போனே தலைமையில் சுவிட்சர்லாந்துக் குழு அங்கே தொடர்ந்து பணிசெய்த பிறகே நகரத்தின் முழு உருவம் தெரிந்தது: மதிற்சுவர், அகழி, அரண்மனை, ரொட்டி சுடும் அடுப்பறைகள், பெரிய வட்டக் குடிலாகக் கட்டிய மன்னரின் அவைக்கூடம். தெஃபூஃபா ஒரு கோயில். பழைய நூலில் இருப்பது ரைஸ்னரின் முடிவு, கட்டுரையில் இருப்பது போனேயின் முடிவு. அவ்வளவே, ஐயா.

#3 தெற்குவாசல்

ஓடுபொறுக்கி அவர்களுக்கு ஓர் ஐயம். சிலைகள் கொள்ளையடித்து வந்தவை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? பரிசாக அனுப்பியிருக்கலாம், விலைக்கு வாங்கியிருக்கலாம். ரைஸ்னரின் ஊகத்தை எடுத்துவிட்டு அங்கே நம் ஊகத்தை வைப்பதாக ஆகிவிடாதா?

#4 ஓடுபொறுக்கி

கேட்க வேண்டிய கேள்வி. விலைக்கு வாங்கிய சிலை ஒன்றுகூட இல்லை என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குஷ், அதாவது கெர்மாவைத் தலைநகராகக் கொண்ட அரசு, படையெடுத்தது என்பதற்கு எகிப்தியர் வாயிலிருந்தே சாட்சி இருக்கிறது.

2003-இல் எல் கப் என்னும் ஊரில் ஆளுநர் சோபெக்நக்தின் கல்லறையில் புகையும் அழுக்கும் மூடிக் கிடந்த சுவர் ஒன்றைத் துப்புரவு செய்தபோது, பிரித்தானிய அருங்காட்சியகக் குழுவின் கண்ணில் ஓர் எழுத்துத் தொடர் பட்டது. குஷ் எழுந்து வந்தது, தன்னோடு வாவாத் மக்களையும் புண்ட் நாட்டவரையும் மெட்ஜய் மக்களையும் திரட்டி வந்தது, ஊரைக் காப்பதற்காக நான் அரணை வலுப்படுத்தினேன் என்பது அதன் சாரம். காலம் பதினேழாம் அரச மரபு. பெருமேடுகளின் காலமும் அதுவே.

அடுத்தது கமோசேயின் கல்வெட்டு. 1954-இல் கர்நாக்கில் கிடைத்தது. அப்போது வடக்கே ஆசியாவிலிருந்து வந்த ஹிக்சோஸ் மரபின் மன்னர் அபோபிஸ், தெற்கே குஷ் மன்னர், நடுவில் தீப்ஸில் கமோசே. அபோபிஸின் தூதன் ஒருவன் பாலைவனச் சோலைகளின் வழியாகக் குஷ் மன்னருக்குக் கடிதம் கொண்டுபோகும்போது கமோசேயின் ஆட்கள் மடக்கிப் பிடிக்கிறார்கள். "வடக்கே வா, எகிப்தின் நகரங்களை நாம் இருவரும் பங்கிட்டுக்கொள்வோம்" என்ற பொருளில் அக்கடிதம் செல்கிறது. தீப்ஸின் மன்னர், தாம் ஆசியனுக்கும் நூபியனுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதாகத் தம் அவையில் அலுத்துக்கொண்ட செய்தியும் பதிவாகியிருக்கிறது. வெறும் வணிக நிலையத்துக்கு யாரும் நாட்டைப் பங்கு போடக் கடிதம் எழுதுவதில்லை.

பின்னர் முதலாம் துட்மோஸ் கி.மு. 1500 வாக்கில் மூன்றாம் பாறைத் தடையைத் தாண்டிக் கெர்மாவை வீழ்த்தினார். அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டு எகிப்திய ஆட்சி. 'குஷ் நாட்டு அரசமகன்' என்ற பட்டத்தோடு ஆளுநர்கள் இருந்தது இந்தக் காலத்தில்தான்.

#5 கருஞ்செம்மண்

மிகவும் பயனுள்ள இழை. ஒரு முக்கியமான செய்தியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். கெர்மாவின் புகழ்பெற்ற மட்கலங்கள் மேலே கறுப்பும் கீழே சிவப்புமாக இருப்பவை. நம் ஆதிச்சநல்லூர் முதலிய இடங்களில் கிடைக்கும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் அதே தோற்றம் கொண்டவை. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அஸ்வான் உயரணையால் மூழ்கவிருந்த நூபியாவை மீட்க யுனெஸ்கோ அழைத்தபோது, 1961-62இல் இந்தியத் தொல்லியல் துறையின் குழு பி. பி. லால் தலைமையில் அஃபியே, துமாஸ் ஆகிய இடங்களில் அகழ்ந்தது. நூபியாவின் கல்வட்டக் கல்லறைகளுக்கும் கறுப்பு-சிவப்புக் கலங்களுக்கும் தென்னிந்தியப் பெருங்கற்காலத்துக்கும் உள்ள ஒற்றுமையை லால் அவர்களே சுட்டியிருக்கிறார். அப்படியிருக்க, நூபியரும் பண்டைத் தமிழரும் ஓர் இனத்தின் இரு கிளைகள் என்று கொள்வதில் என்ன தடை?

#6 ஓடுபொறுக்கி

கருஞ்செம்மண் அவர்களே, லால் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. ஒற்றுமையை அவர் சுட்டியதும் உண்மை. தடை அதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது.

கறுப்பு-சிவப்பு என்பது ஓர் இனத்தின் பெயரன்று; அது சூளையில் நடக்கும் ஒரு வேலை. கலத்தின் வாயைச் சாம்பலிலோ உமியிலோ புதைத்துச் சுட்டால் காற்றுப் படாத பகுதி கரியேறிக் கறுக்கும், காற்றுப் பட்ட பகுதியின் இரும்புச் சத்து சிவக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு குயவர் இன்னொரு கண்டத்துக் குயவரைச் சந்தித்திருக்க வேண்டியதில்லை. எகிப்தின் படாரி, நக்காதா மக்கள் கி.மு. 4000-ஐ ஒட்டியே கறுப்பு வாய்க் கலங்களைச் செய்தார்கள். இந்தியாவுக்குள்ளேயே ராஜஸ்தானின் ஆகாரில் கி.மு. மூன்றாம், இரண்டாம் ஆயிரமாண்டுகளில் கறுப்பு-சிவப்புக் கலங்கள் உண்டு. பக்கத்தில் உறவினர் இருக்கும்போது நைல் கரைக்கு ஏன் போக வேண்டும்?

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கெர்மாவின் உயர்ந்த வகைக் குவளை சக்கரம் இல்லாமல் கையால் வனைந்தது. முட்டை ஓட்டைப்போல மெல்லியது. வாய் மலர்ந்த பூவைப்போல விரியும். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் ஒழுங்கற்ற ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டைதான் கெர்மாவின் கையெழுத்து. தென்னிந்தியக் கலங்கள் பெரும்பாலும் சக்கரத்தில் வனைந்தவை, அந்தப் பட்டை அவற்றில் இல்லை. காலமும் ஒட்டவில்லை. கெர்மா வீழ்ந்தது கி.மு. 1500 வாக்கில், நம் பெருங்கற்காலக் கல்லறைகளில் பெரும்பாலானவை கி.மு. முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. இடையில் இருக்கும் அரேபியாவிலும் கடற்கரையிலும் இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணிகள் கிடைக்கவில்லை.

அந்தத் திசையில் தமிழருக்கு உண்மையான தடயம் வேண்டுமென்றால் கெர்மாவை விட்டுக் கிழக்கே செங்கடல் கரைக்குப் போங்கள். பெரனிகேயிலும் குசைர் அல்-காதிமிலும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரனிகேயின் கோயில் ஒன்றில் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அவை உரோமர் கால வணிகத்தின் சுவடுகள். பெயர் உண்டு, சரக்கு உண்டு, காலம் உண்டு. இனத் தொடர்பு என்ற பேச்சே அங்கே தேவைப்படவில்லை.

#7 கருஞ்செம்மண்

கலம் குறித்த விளக்கத்தை ஏற்கிறேன். சாம்பல் பட்டை குறித்து எனக்குத் தெரியாது. ஆனால் பிற்காலக் குஷ் அரசின் ஊரான நக்காவில் உள்ள சிங்கக் கோயிலின் பின்சுவரில், சிங்கக் கடவுளான அபெடெமாக் மூன்று தலையும் நான்கு கையுமாக நிற்கிறாரே? எகிப்தில் இப்படி ஓர் உருவம் கிடையாது. நம் கோயில்களில் உண்டு.

#8 எழுத்தாணி

இந்த வினாவுக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். இந்தியத் தொடர்பு என்று முன்பு சில ஆய்வாளர்களும் கருதியதுண்டு. ஆனால் அந்தச் சுவரை முழுதாகப் பாருங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் அக்கோயிலைக் கட்டிய மன்னர் நதகமானி ஒரு பக்கம் நிற்கிறார், அரசி அமானிதோரே மறுபக்கம் நிற்கிறார். கடவுள் நடுவில். எகிப்திய மரபில் முகத்தைப் பக்கவாட்டில்தான் செதுக்குவார்கள். ஒரு முகம் மன்னரைப் பார்த்தால் அரசிக்கு முதுகு காட்ட வேண்டிவரும். ஆகவே ஒரு முகம் இப்பக்கம், ஒரு முகம் அப்பக்கம், மூன்றாவது நேராக நம்மை நோக்கி. இரண்டு பக்கமும் அருள ஈரிரு கைகள். சிற்பி தம் சிக்கலுக்குத் தாமே கண்ட தீர்வு அது. அதே கோயிலின் மற்றச் சுவர்களில் அபெடெமாக் ஒற்றைச் சிங்கத் தலையோடும் இரண்டு கையோடும்தான் இருக்கிறார்.

ஒற்றுமை என்று வியக்க ஒன்று வேண்டுமானால், மெரோவேயைத் தலைநகராகக் கொண்ட பிற்காலக் குஷ் அரசின் மெரோவிய எழுத்தைச் சொல்வேன். மொத்தம் 23 குறிகள். ஒரு மெய்க்குறியைத் தனியாக எழுதினால் அது அகரம் ஏறியே ஒலிக்கும். வேறு உயிர் வேண்டுமென்றால் அதற்குரிய குறியைப் பக்கத்தில் இட வேண்டும். தமிழில் 'க' என்று எழுதியபின் 'கி', 'கெ' என்று ஆக்குவதற்குக் குறி சேர்க்கிறோமே, ஏறத்தாழ அந்த ஏற்பாடு. எகிப்திய எழுத்தில் உயிரொலிகளை எழுதும் வழக்கமே இல்லை. மெரோவியர் எகிப்தியரிடம் குறிகளின் உருவத்தை வாங்கிக்கொண்டு, இயங்கும் முறையைத் தாங்களே அமைத்தார்கள். சொற்களுக்கிடையே புள்ளிகள் வைத்துப் பிரித்தார்கள். இதுவும் தற்செயல் ஒற்றுமையே, உறவன்று. அதனால் சுவை குறையவில்லை.

வாத் பன் நக்காவில் கிடைத்த ஒரு பீடத்தில் அதே நதகமானி, அமானிதோரே பெயர்கள் எகிப்திய எழுத்திலும் மெரோவிய எழுத்திலும் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு 1909 முதல் 1911 வரையான காலத்தில் கிரிஃபித் என்ற அறிஞர் ஒலிமதிப்புகளைக் கண்டறிந்தார். ஆகவே இன்று நாம் மெரோவியக் கல்வெட்டை உரக்கப் படிக்கலாம். பொருள்தான் பெரும்பாலும் விளங்காது. 'கோரே' என்றால் மன்னர், 'ஆதோ' என்றால் நீர் என்பதுபோலச் சில சொற்கள் உறுதி. கல்லறைக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் வாழ்த்து ஒன்று உண்டு: இறந்தவருக்கு நிறைய நீரும் நிறைய ரொட்டியும் கிடைக்கட்டும் என்பது. மொழியறிஞர் கிளோட் ரிலி அந்த மொழியை நைல்-சகாரா மொழிக்குடும்பத்தின் வடகிழக்குச் சூடானியக் கிளையில் வைக்கிறார். இன்றைய நூபிய மொழிகளும் அக்கிளையைச் சேர்ந்தவையே.

மருதநிலவன் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். 'நூப்' என்றால் எகிப்திய மொழியில் பொன், ஆகவே நூபியா என்றால் பொன்நாடு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். எகிப்தியர் அந்நாட்டைத் தா-செதி என்றும் குஷ் என்றும்தான் குறித்தார்கள். நூபியா என்பது நைலுக்கு மேற்கே வாழ்ந்ததாகக் கிரேக்கர் குறிப்பிடும் மக்களின் பெயரை ஒட்டியது. தா-செதி என்பதற்கு வில்லின் நாடு என்று பொருள், அதைச் சொல்லுங்கள்.

#9 மருதநிலவன்

பொன்நாடு என்று ஏற்கெனவே கரும்பலகையில் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அழித்துவிடுகிறேன்.

தேடியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எகிப்திய அரசாட்சியே நூபியாவில்தான் தோன்றியது, கஸ்துல் என்னும் இடத்தில் கிடைத்த தூபக்கலம் அதற்குச் சான்று என்கிறார்கள். இதை எந்த அளவுக்கு நம்பலாம்?

#10 ஓடுபொறுக்கி

அந்தத் தூபக்கலம் 1964-இல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு அகழ்ந்த கஸ்துல் இடுகாட்டில் கிடைத்தது. அதன் சுற்றில் வரிசையாகப் படகுகள், அரண்மனை முகப்பு, வெண்முடி தரித்து அமர்ந்த ஓர் உருவம், பருந்து ஆகியவை செதுக்கப்பட்டிருக்கின்றன. 1980-ஐ ஒட்டி புரூஸ் வில்லியம்ஸ் இதை வைத்து, எகிப்தில் ஒருங்கிணைந்த அரசு தோன்றுவதற்கு முன்பே கீழ்நூபியாவில் மன்னராட்சி இருந்தது என்று வாதிட்டார். பெரும் பரபரப்பு. பின்னர் 1988-இல் அபைடோசில் யூ-ஜே எண்ணிட்ட கல்லறையை ஜெர்மன் குழு அகழ்ந்தது, கி.மு. 3200 அளவிலேயே மேல் எகிப்தில் எழுத்தோடும் செங்கோலோடும் கூடிய ஆட்சியாளர் இருந்தது அதிலிருந்து தெரிந்தது. கஸ்துலே முதன்மை என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது. ஆனால் அங்கே செல்வமும் அதிகாரமும் கொண்ட தலைவர்கள் வாழ்ந்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை.

ரைஸ்னர் எல்லாவற்றையும் வடக்கிலிருந்து இறக்கினார். கஸ்துலைத் தூக்கிப் பிடிப்பவர்கள் எல்லாவற்றையும் தெற்கிலிருந்து ஏற்றுகிறார்கள். கருஞ்செம்மண் கோபிக்கக் கூடாது, சிலர் கடல் கடந்தும் இழுக்கிறார்கள். கெர்மாவின் இடுகாடு யாருக்கும் மூலமாக இல்லாமலும், யாருக்கும் கிளையாக இல்லாமலும் தன்னளவில் பெரியது என்று ஒப்புக்கொள்வதில் ஏன் இத்தனை தயக்கம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இருபத்தைந்தாம் மரபினரையும் ரைஸ்னர் விடவில்லை. எல் குர்ரு, நூரி கல்லறைகளை 1916 முதல் 1919 வரை அகழ்ந்து, பியே, ஷபாகா, தஹர்கா ஆகியோர் அடக்கமான இடங்களைக் கண்டறிந்தவரே அவர்தான். கண்டறிந்துவிட்டு, இந்த மன்னர்கள் லிபியரின் வழிவந்தவர்கள் என்று எழுதினார். கறுப்பு ஆப்பிரிக்கர் இதைச் செய்திருக்க முடியாது என்ற அந்தக் காலத்து மனநிலைக்கு அவரும் விலக்கல்லர். எல் குர்ருவில் அவர் கண்ட 24 குதிரைகளின் புதைகுழிகளை மட்டும் பாருங்கள். நான்கு வரிசை, நின்ற நிலையிலேயே புதைத்திருக்கிறார்கள். பியேயின் வெற்றிக் கல்வெட்டு ஜெபல் பார்க்கலில் கிடைத்தது, 159 வரிகள். ஹெர்மோபோலிசை முற்றுகையிட்டுப் பிடித்தபின், பணிந்த மன்னன் நம்லோத்தின் மனைவியரை ஏறிட்டும் பாராமல் நேரே குதிரை லாயத்துக்குப் போகிறார் பியே. குதிரைகள் பட்டினியில் வாடிக் கிடக்கின்றன. நீ செய்த மற்ற எல்லாக் குற்றத்தையும்விடக் குதிரைகளைப் பட்டினி போட்டதே என் நெஞ்சை வருத்துகிறது என்று அங்கேயே கடிந்துகொள்கிறார். கல்வெட்டையும் புதைகுழியையும் சேர்த்துப் படிக்கும்போது அந்த மனிதர் கண்முன் வந்து நின்றுவிடுகிறார்.

#11 தெற்குவாசல்

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மெரோவே பிரமிடுகள் சிறியவை என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஏன் அவ்வளவு செங்குத்து என்று கேட்பவர்கள் குறைவு. கீசாவின் சாய்வு 52 பாகையை ஒட்டியது. மெரோவேயில் ஏறத்தாழ 70. அவற்றை நெடுங்காலம் ஆராய்ந்து சீரமைத்த ஃப்ரீட்ரிக் ஹிங்கெல் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தைப்போல எதிரெடை கட்டிய துலாவைப் பொருத்தி, கல்லைத் தூக்கி நாற்புறமும் வைத்திருக்கிறார்கள். துலாவின் நீளம் மாறாது, கம்பமும் நடுவிலேயே நிற்கும் என்றால் அடித்தளம் அகல முடியாது. உயரம் வேண்டுமென்றால் செங்குத்தாகத்தான் போக வேண்டும். நைல் கரையில் நீர் இறைக்க இதே கருவியை ஷாதூஃப் என்ற பெயரில் நாள்தோறும் பயன்படுத்தினார்கள்.

உடலைப் பிரமிடுக்குள் வைக்கவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். கீழே பாறையைக் குடைந்து அறை, கிழக்குப் பக்கம் படியிறக்கம், மேலே பிரமிடு. இது தெரியாமல் 1834-இல் ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் புதையல் தேடிப் பல பிரமிடுகளின் தலையைத் தகர்த்தார். அரசி அமானிஷகேதோவின் பிரமிடில் பொன் நகைகளும் கிடைத்துவிட்டன. அவை இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கின்றன. ஒன்றில் கிடைத்ததே போதும், மற்றவற்றின் தலையும் போனதற்கு.

#12 எழுத்தாணி

அரசியரைப் பற்றிப் பேச்சு வந்ததால்: கண்டாகே என்பது ஒருவரின் பெயரன்று, குஷ் அரசியரின் பட்டம். கி.மு. 25-ஐ ஒட்டி உரோமர் எகிப்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில் மெரோவேப் படை சையீனி, எலிஃபான்டைன், ஃபிலே ஆகியவற்றைத் தாக்கி அகஸ்டசின் சிலைகளைத் தூக்கிச் சென்றது. ஆளுநர் பெட்ரோனியஸ் பதிலடியாகக் குஷ் அரசின் பழைய தலைநகரமான நபாட்டா வரை போனார். கி.மு. 21-20இல் சாமோஸ் தீவில் உடன்படிக்கை ஆயிற்று, கேட்ட வரியை அகஸ்டஸ் தள்ளுபடி செய்தார். ஒற்றைக் கண் கண்டாகே என்று ஸ்ட்ராபோ குறிப்பவர் அமானிரேனஸ் என்பது பொதுவான கருத்து.

1910-இல் ஜான் கார்ஸ்டாங் மெரோவேயில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டின் அடியிலிருந்து அகஸ்டசின் வெண்கலத் தலையைத் தோண்டி எடுத்தார். இலண்டனில் அதை நேரில் பார்த்தேன். பளிங்கும் கண்ணாடியும் பதித்த விழிகள் விழித்தபடி இருக்கின்றன. வாசற்படிக்கு அடியில் புதைத்தது ஒளித்துவைப்பதற்காக அல்ல. உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவரும் பேரரசரின் தலையை மிதித்துவிட்டுப் போகவேண்டும் என்பதற்காக. அப்படிப் புதைந்ததால்தான் கண்கள்கூடக் கெடாமல் நமக்குக் கிடைத்தன.

#13 கருஞ்செம்மண்

எழுத்தாணி அவர்களே, இதே ஊர்க்காரர்களின் சிலைகளும் ஒருகாலத்தில் உடைபட்டிருக்கின்றன அல்லவா? கெர்மாவுக்கு அருகே ஒரு குழியில் ஏழு சிலைகள் கிடைத்ததாகப் படித்த நினைவு.

#14 ஓடுபொறுக்கி

ஆம், டுக்கி கெல் என்னும் இடத்தில், 2003 ஜனவரியில். போனேயின் குழுதான். தஹர்கா முதல் அஸ்பெல்டா வரை ஐந்து மன்னர்களின் ஏழு சிலைகள், கருங்கல்லில் கடைந்தவை, தலையும் பாதமும் துண்டிக்கப்பட்டு ஒரே குழியில் அடுக்கியிருந்தன. பொன் தகட்டின் எச்சங்களும் அங்கே கிடைத்தன. உடைத்தவர்கள் கி.மு. 593-இல் படையெடுத்த இரண்டாம் சாம்டிக்கின் எகிப்திய வீரர்கள் என்பது பொதுவான முடிவு. அந்தப் படையில் இருந்த கிரேக்கக் கூலிவீரர்கள் போகும் வழியில் அபு சிம்பெல் பெருஞ்சிலையின் காலில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். உடைத்தது பகைவர். ஆனால் துண்டுகளைப் பொறுக்கிக் குழியில் வைத்து மூடியவர்கள் உள்ளூர்க் கோயில்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். குப்பையை யாரும் அப்படி அடுக்குவதில்லை.

#15 மருதநிலவன்

இன்னும் ஒரே ஒரு கேள்வி. இந்த இடங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

#16 தெற்குவாசல்

கீழ்நூபியாவின் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கிறது. 1960-இல் தொடங்கிய உயரணை 1970-இல் முடிந்தது. அபு சிம்பெலை அறுத்தெடுத்து 65 மீட்டர் மேலே மறுபடி பொருத்தினார்கள். பூகென் கோட்டை பச்சைச் செங்கல் என்பதால் கரைந்துபோக விட்டுவிட்டார்கள். எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ 1 லட்சம் நூபிய மக்கள் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் கொம் ஓம்போவுக்கு, மற்றவர்கள் அத்பரா ஆற்றங்கரையில் நியூ ஹால்ஃபாவுக்கு. பேரீச்சந்தோப்பை விட்டுக் கரும்புத் தோட்டத்துக்கும் பருத்திக் காட்டுக்கும் போன அந்த மக்களைக் கோயில்களோடு ஒப்பிட்டால் உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

2020-இல் ஜெபல் மராகா என்ற குஷ் காலத்து இடத்தைப் பொன் தேடியவர்கள் மண்வாரி இயந்திரம் கொண்டு தோண்டி அழித்தார்கள். 2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் கார்ட்டூமில் உள்ள தேசிய அருங்காட்சியகம் துணை ராணுவப் படையினரின் பிடியில் இருந்தது. 2025 மார்ச்சில் ராணுவம் அப்பகுதியை மீட்டபிறகு வெளியான படங்களில் கூடங்கள் சூறையாடப்பட்டுக் கிடந்தன. பொன் பொருள்கள் இருந்த காப்பறை வெறுமையாகியிருந்தது.

#17 மருதநிலவன்

அனைவருக்கும் நன்றி. மாணவியின் கேள்விக்குப் பதிலாகக் கெர்மாவின் மாட்டு மண்டையோட்டு வரிசையிலிருந்தே பாடத்தைத் தொடங்கப்போகிறேன். ஓடுபொறுக்கி அவர்களே, அந்தச் சென்னுவியின் சிலை இப்போது எங்கே இருக்கிறது? படம் காட்ட வேண்டும்.

#18 ஓடுபொறுக்கி

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். கணவர் ஹெப்ஜெஃபாவின் சிலையில் கீழ்ப்பகுதி மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அதுவும் அங்கேதான். சென்னுவி ஏறத்தாழ முழுதாக இருக்கிறார்: கருங்கல், ஆளுயரம், கையில் ஒரு தாமரை. அசியூத்தில் செதுக்கி, கெர்மாவுக்குத் தூக்கிவந்து, பின்னர் ரைஸ்னரின் பங்காகக் கடல் கடந்தவர். படத்தைக் காட்டும்போது, இந்த அம்மா எந்த ஊர்க்காரர் என்று மாணவர்களையே கேட்டுப் பாருங்கள்.